முதல் ஒரு மணி நேரத்துக்கு ஓர் ஆள்

மின்னணு நடன இசையை வீட்டில் கலக்கிப் பழகிய எவருக்கும் ஒரு கட்டத்தில் வரும் கேள்வி, தம்முடைய மிக்ஸை (பாடல்களை இடைவிடாமல் கோத்துச் செய்த பதிவை) யாருக்கு அனுப்பினால் கிளப்பில் வாசிக்க வாய்ப்புக் கிடைக்கும் என்பதாகும். என்னிடம் பேசும் இளைய டிஜேக்களில் பெரும்பாலோர் இதைத்தான் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் வாசிக்க விரும்பும் அந்தக் கிளப்பில், கதவு திறந்த முதல் ஒரு மணி நேரம் எப்போதாவது நின்று பார்த்திருக்கிறீர்களா? இல்லை என்றே பதில் வரும். நள்ளிரவுக்குப் பின் கூட்டம் முட்டி மோதும்போது போயிருப்பார்கள். டிஜே நின்று வாசிக்கும் பூத்தில் நின்ற நட்சத்திரத்தைப் பார்த்து, அந்த இடத்தில் தம்மை வைத்துக் கற்பனை செய்திருப்பார்கள். புதியவர்களுக்குத் திறக்கும் வாசலோ இரவின் தொடக்கத்தில், ஏறக்குறைய யாருமே இல்லாத ஆட்டத் தளத்தின் எதிரில் இருக்கிறது. இந்தத் தொழிலில் நான் உறுதியாக நம்புவது இது என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு கிளப் இரவை வரவுசெலவுக் கணக்கின் பக்கமிருந்து பார்த்தால் காரணம் விளங்கும். பல இடங்களில் கிளப்பின் உரிமையாளர் வேறு, நிகழ்ச்சியை நடத்தும் புரொமோட்டர் வேறு. புரொமோட்டர் அரங்கை வாடகைக்கு எடுப்பார், அல்லது நுழைவுக் கட்டணத்தில் பங்கு பேசிக்கொள்வார். பாரில் வரும் வருமானம் பெரும்பாலும் கிளப்புக்கே போகும். முதன்மை டிஜேயின் சம்பளம், பயணம், தங்கும் அறை, விளம்பரம், வாசல் காவலர்கள் என்று அத்தனைக்கும் கொடுத்தபின் மிஞ்சுவதே புரொமோட்டருக்கு. கூட்டம் வரவில்லை என்றால் நஷ்டம் அவர் தலையில் விடியும். ஆகவே, முன்பின் தெரியாத ஒருவரின் மின்னஞ்சலைத் திறக்கும்போது, அனுப்பியவர் திறமைசாலியா என்ற கேள்வி அவருக்கு இரண்டாவதாகத்தான் எழும். முதலில் எழுவது, இவரால் என் இரவுக்குத் தொல்லை கூடுமா குறையுமா என்பதே. சொன்ன நேரத்துக்கு வருவாரா, முதன்மை டிஜே கடைசிக்கு என்று வைத்திருக்கும் டிராக்குகளை முன்கூட்டியே வாசித்துத் தீர்த்துவிடுவாரா, தன் நேரம் முடிந்த பிறகும் டெக்கை (டிராக்குகளை ஓட்டும் கருவியை) விட்டு நகராமல் நிற்பாரா என்பவையெல்லாம் அந்தக் கேள்விக்குள் அடங்கும்.

நான் தொடங்கிய காலத்தில் ஒரு கிளப்பின் நிரந்தர டிஜேயாக இருந்த மூத்தவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, கூட்டம் நெறஞ்ச பிறகு வாசிக்க எனக்குப் பத்துப் பேர் வரிசையில நிக்கறாங்க. கூட்டம் வர்றதுக்கு முன்னாடி வாசிக்கத்தான் ஆள் தேடி அலையறேன்." சந்தையில் எது மலிந்து கிடக்கிறது, எது கிடைக்காமல் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த முதல் ஒரு மணி நேரம் எப்படி இருக்கும் என்பதைப் பார்க்கலாம். கதவு திறந்திருக்கும், தளத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். பாரின் ஓரத்தில் நாலைந்து பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆள் இல்லாத அறையில் ஒலி சுவர்களில் பட்டுத் திரும்பி வரும். மனித உடல்கள் உறிஞ்சிக்கொள்ள வேண்டிய உயர் அதிர்வெண் ஒலிகள் அப்படியே காதைக் குத்தும். அதனால் ஒலியளவைக் குறைத்து, ஹை-ஹேட்டின் (ஜால்ரா போல ஒலிக்கும் டிரம் தட்டின்) கூர்மையைச் சற்றுத் தணித்து, பேஸ் வரியை (தாழ்ந்த சுருதியில் ஓடும் அடி இசையை) முன்னே விட்டுத் தொடங்குவது நல்லது. பின்னிரவில் 125 அல்லது 126 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை அடி என்ற வேகத்தில்) ஓடப்போகும், ஹவுஸ் என்ற நடன இசை வகைக்கான இரவென்றால், நான் 116இல் தொடங்குவேன். குரல் மிகுந்த, எல்லோருக்கும் தெரிந்த பாடல்களை எடுக்க மாட்டேன். தாளம் நின்றுபோகும் நீண்ட பிரேக்டவுனும், அதைத் தொடர்ந்து சுருள்சுருளாக ஏறும் ஸ்னேர் டிரம் ஒலியும் உள்ள டிராக்குகளையும் தவிர்ப்பேன். அந்த ஏற்றம் தளத்துக்கு ஏதோ ஒன்றை வாக்களிக்கிறது. கைகளை உயர்த்த ஆளே இல்லாத அறையில் அந்த வாக்கு பொய்த்து, வந்திருக்கும் சிலருக்கும் சங்கடமாகிவிடும்.

பிறகு ஒரு கணம் வரும். தளத்தின் விளிம்பில் நிற்கும் ஒருவர் பேச்சை நிறுத்தாமலேயே தோளை அசைக்கத் தொடங்குவார். அனுபவமில்லாத டிஜே அதைக் கண்டதும் தன்னிடம் உள்ள பெரிய டிராக்கை எடுத்துப் போட்டுவிடுவார். அந்த மனிதர் திடுக்கிட்டு மீண்டும் பாரின் பக்கம் திரும்பிவிடுவார். அவரை அசைத்தது எந்தத் தாளமோ அதே தாளத்தில் இன்னும் இரண்டு டிராக்குகளைக் கொடுக்க வேண்டும். பேஸ் வரி மாறலாம், தாளக் கருவிகள் கூடலாம். நடை மட்டும் மாறக் கூடாது. அவர் தம் நண்பரை இழுத்துக்கொண்டு இரண்டடி உள்ளே வருவார். நடுத்தளத்தில் இருவர் ஆடினால், மூன்றாமவருக்குக் கூச்சம் போய்விடும். அரை மணி நேரத்தில் தளத்தின் பாதி நிறைந்திருக்கும். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. இதைச் செய்யத் தெரிந்தவரைப் புரொமோட்டர்கள் மறப்பதில்லை. சீக்கிரம் தளத்துக்கு வந்தவர்கள் சீக்கிரம் கலைவதில்லை. நீண்ட நேரம் இருப்பவர்களால்தான் பாரின் கணக்கும் ஏறுகிறது.

மிக்சரின் ஒலி அளவுமானியில் சிவப்பு விளக்கு எரியாமல் பார்த்துக்கொள்வதும் இந்த நேரத்தின் கடமைகளில் ஒன்று. தொடக்க டிஜே எல்லாவற்றையும் முட்டுகிற அளவுக்கு ஏற்றிவிட்டால், பின்னால் வருபவருக்கு ஏறுவதற்கு இடமே இருக்காது. அமைப்பில் உள்ள லிமிட்டர் ஒலியை அழுத்திப் பிடிக்க, கிக் டிரம்மின் அடி தட்டையாகிவிடும். கடைசிப் பத்து நிமிடங்களில், அடுத்து வருபவரிடம் எப்படி ஒப்படைக்கலாம் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வேன். வெறும் தாளத்தோடு நீண்டு முடியும் டிராக் ஒன்றைக் கடைசியாக ஓட விடுவேன். அதன்மேல் அவர் கலந்து ஏறலாம், அல்லது அது அடங்கும் வரை காத்திருந்து புதிதாகவும் தொடங்கலாம். 128 பிபிஎம்மில் 32 பார் (ஒவ்வொன்றும் நான்கு அடி கொண்ட தாளச் சுற்று) என்பது சரியாக ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடம் இருந்தால் எவராலும் பதற்றமின்றி ஹெட்ஃபோனைச் செருகி, பென்டிரைவைப் போட்டு, தயாராகிவிட முடியும். இந்த மரியாதையைப் பெற்ற முதன்மை டிஜே, ஒலிபெருக்கியைப் பற்றிப் புகார் சொன்னாலும் சொல்வார், உங்களைப் பற்றி நல்ல வார்த்தைதான் சொல்வார்.

கிளப் இசையின் வரலாறும் இதற்குச் சாட்சி. நியூயார்க்கில் டேவிட் மான்குசோ 1970இல் தம் வீட்டில் தொடங்கிய 'தி லாஃப்ட்' விருந்துகளில் இரவின் முழு வளைவும் ஒருவர் கையில் இருந்தது. சிகாகோவின் 'வேர்ஹவுஸ்' கிளப்பில் 1977 முதல் ஃப்ராங்கி நக்கிள்ஸும், 1987இல் மூடப்படும் வரை நியூயார்க்கின் 'பாரடைஸ் கராஜ்' கிளப்பில் லாரி லெவனும், ஒரு மணி நேரம் வந்து வாசித்துவிட்டுப் போன விருந்தாளிகளாகப் பெயர் பெறவில்லை. அந்த அறைகளின் நிரந்தர டிஜேக்களாக, வெறுந்தளத்திலிருந்து விடியற்காலை வரை ஒரே கூட்டத்தை வாரந்தோறும் நடத்திச் சென்றவர்கள் அவர்கள். 2004இல் திறந்த பெர்லினின் 'பெர்க்ஹைன்' கிளப்பிலும் மார்செல் டெட்மன், பென் க்ளாக் போன்ற நிரந்தர டிஜேக்களே அந்த அறையின் ஒலியை உலகறியச் செய்தார்கள். ஓர் அறையை நன்றாக அறிந்தவர் என்பதுதான் டிஜேயின் பழைய மதிப்பு. அந்த மதிப்பு இன்றும் குறையவில்லை.

இதற்கு எதிரான பாடத்தைத்தான் திரைகள் கற்பிக்கின்றன. டிஜேக்கள் வாசிப்பதை இணையத்தில் நேரலையாகக் காட்டும் 'பாய்லர் ரூம்' 2010இல் லண்டனில் தொடங்கியபோது, டிஜேயின் முகத்துக்கு எதிரே கேமராவை வைத்தார்கள். நல்ல செட்டுகள் (ஒருவர் ஒரே மூச்சில் வாசிக்கும் தொகுப்புகள்) பல அங்கே பதிவாயின. நானும் விரும்பிக் கேட்பேன். ஆனால் பின்னாளில் அவற்றிலிருந்தும் மற்ற விழாக்களிலிருந்தும் வெட்டப்பட்ட முப்பது விநாடித் துண்டுகள் அனைத்தும் உச்ச கணங்களாகவே இருப்பதால், இசைக்க வருபவர்கள் இரவென்றாலே உச்சங்களின் வரிசை என்று எண்ணிவிடுகிறார்கள். பின்தொடர்வோர் எண்ணிக்கையை முதலில் பார்க்கும் புரொமோட்டர்களும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. நுழைவுச்சீட்டு விற்க அது உதவும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் அந்தக் கணக்கு முதன்மை இடத்துக்குத்தான் பெரும்பாலும் பார்க்கப்படுகிறது. தொடக்க இடத்துக்கு, நம்பத் தகுந்தவர் என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும்.

அந்த யாராவது ஒருவர் யார்? பெரும்பாலும் அந்தக் கிளப்பின் நிரந்தர டிஜே. சில நேரம் ஒலிப் பொறியாளர். சில நேரம் வாசலில் பெயர்ப் பட்டியலை வைத்திருப்பவர். இவர்களை அறிந்துகொள்ள அங்கே போவதைத் தவிர வேறு வழி கிடையாது. ஊரில் உள்ள எல்லாக் கிளப்புகளுக்கும் அலைய வேண்டாம். நீங்கள் வாசிக்கும் இசை உண்மையில் ஓடும் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்குத் தவறாமல் போங்கள், சீக்கிரமே போங்கள். தளத்தில் முதல் ஆளாக நின்று ஆடுகிற மனிதரைத் தொடக்க டிஜே வாழ்நாள் முழுதும் நினைவில் வைத்திருப்பார். பூத்தின் மேல் குனிந்து, அவர் கலந்துகொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். முடித்து வெளியே வந்தபின், அவர் வாசித்ததில் உங்களைத் தொட்ட ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள். உங்கள் மிக்ஸைப் பற்றிய பேச்சு அன்று வேண்டாம். அவரே ஒருநாள் கேட்பார், "நீங்களும் வாசிப்பீர்களா?" என்று.

மிக்ஸ் அனுப்பும் நேரம் அதன்பிறகு வருகிறது. பலரும் அனுப்புவது, தங்களால் முடிந்த அத்தனை வித்தைகளையும் ஒரு மணி நேரத்துக்குள் அடைத்த பதிவு. கேட்பவர் அதிலிருந்து, இவருக்கு உச்ச நேரம் வேண்டும் என்று மட்டுமே அறிந்துகொள்வார். அந்த இடமோ காலியில்லை. தொடக்க நேரத்துக்கென்றே ஒரு மிக்ஸைப் பதிவு செய்யுங்கள். முதல் இரண்டு நிமிடங்களிலேயே உங்கள் ரசனை தெரியட்டும், ஏனென்றால் பலரும் அவ்வளவுதான் கேட்பார்கள். நடுவில் எங்கே தட்டிக் கேட்டாலும் கலவை சுத்தமாக இருக்கட்டும். பெரிய கோப்புகளை இணைப்பாக அனுப்பாமல், கடவுச்சொல் கேட்காத ஒரு லிங்கை மட்டும் கொடுங்கள். சவுண்ட்கிளவுட் என்ற இசைப் பகிர்வுத் தளத்தில் மிக்ஸ்கள் காப்புரிமைக் காரணத்தால் நீக்கப்படுவதுண்டு. டிஜே மிக்ஸ்களுக்காகவே உரிமங்கள் பெற்று நடக்கும் மிக்ஸ்கிளவுட் அந்த வகையில் பாதுகாப்பானது. டிராக் பட்டியலையும் சேர்த்தே போடுங்கள். நீங்கள் எதைத் தோண்டி எடுக்கிறீர்கள் என்பதைப் பட்டியலே சொல்லிவிடும்.

உடன் எழுதும் கடிதம் நாலு வரிக்கு மேல் போக வேண்டாம். நான் இளையவர்களுக்கு எழுதிக் காட்டுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "வணக்கம். உங்கள் வெள்ளிக்கிழமை இரவுகளுக்குத் தொடர்ந்து வருகிறேன். தொடக்க நேரத்தை மனத்தில் வைத்து ஒரு மணி நேர மிக்ஸ் பதிவு செய்திருக்கிறேன். 116இல் தொடங்கி 123இல் முடிகிறது. கடைசி நேரத்தில் யாராவது வர முடியாமல் போனால், ஒரு மணி நேர அவகாசத்தில் என்னால் வந்துவிட முடியும்." அந்தக் கடைசி வரிதான் புரொமோட்டரின் மனத்தில் நிற்கும். விமானம் தாமதமாகும், காய்ச்சல் வரும், வண்டி பழுதாகும். அப்படிப்பட்ட மாலைகளில் அவர் கைப்பேசியில் தேடும் பெயர், அருகில் இருக்கிற, தயாராக இருக்கிற ஒருவரின் பெயர். பலருடைய முதல் கிளப் வாய்ப்பு இப்படி வேறொருவர் வர முடியாத இரவில் கிடைத்ததுதான். பதில் வராவிட்டால் சில வாரங்கள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் எழுதாமல், நிகழ்ச்சிக்குப் போய்வருவதை மட்டும் தொடருங்கள்.

தயாராக இருப்பது என்று சொன்னேன். அதில் பாதி, பெட்டியில் இருக்கிறது. இன்று பெரும்பாலான கிளப்புகளில் டிராக்குகளை ஓட்டும் பயோனியரின் சிடிஜே இயந்திரங்களும், அவற்றின் ஒலியைக் கலக்கும் டிஜேஎம் மிக்சரும் இருக்கும். 2009இல் சிடிஜே-2000 வந்தபின், ரெக்கார்ட்பாக்ஸ் மென்பொருளில் டிராக்குகளைப் பகுத்து, பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போவதே வழக்கமாகிவிட்டது. வீட்டில் கணினியோடு இணைக்கும் சிறிய கன்ட்ரோலரிலும் மடிக்கணினித் திரையிலும் மட்டுமே பழகியவர்கள், முதல் இரவுக்கு முன் ஏதேனும் ஒரு பயிற்சி அறையில் இந்த இயந்திரங்களோடு சில மணி நேரம் செலவிட்டே ஆக வேண்டும். பென்டிரைவை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸ் கணினிகளின் என்டிஎஃப்எஸ் முறையை சிடிஜேக்கள் படிக்காது. தரம் குறையாமல் சுருக்கிய எஃப்எல்ஏசி ஒலிக்கோப்புகளைப் பழைய சிடிஜே-2000 இயக்காது, அதன் புதிய வடிவமாக 2016இல் வந்த நெக்சஸ் 2 இயக்கும். எந்தக் கிளப்பில் எது இருக்கும் என்று முன்கூட்டியே தெரியாதபோது 320 கேபிபிஎஸ் எம்பி3 கோப்புகளே பத்திரமானவை. ஒரே நூலகத்தை இரண்டு பென்டிரைவ்களில் வைத்திருங்கள். உங்கள் சொந்த ஹெட்ஃபோனும், பெரிய துளைக்கு மாற்றும் அடாப்டரும் பையில் எப்போதும் இருக்கட்டும். அடாப்டர் இல்லாமல் வந்து, கலைந்த முகத்தோடு பூத்தின் கீழே தேடும் டிஜேக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வரும் ஓர் இடம் உண்டு. இத்தனை நுழைவுச்சீட்டுகளை நீயே விற்றுக் கொடுத்தால்தான் வாசிக்கலாம், விற்காத சீட்டுகளின் பணத்தையும் நீயே கட்ட வேண்டும் என்று புதியவர்களிடம் சொல்லும் நிகழ்ச்சிகள் இருக்கின்றன. ஒரே இரவில் வரிசையாக நிறையப் பேரை, ஆளுக்கு அரை மணி நேரம் என்று நிறுத்துவார்கள். ஒவ்வொருவரின் நண்பர்களும் தத்தம் நண்பர் வாசித்ததும் கிளம்பிவிடுவார்கள். தளம் அரை மணிக்கொரு முறை நிறைந்து காலியாகும். கூட்டத்தை வளர்க்கக் கற்றுக்கொள்ள அங்கே எதுவும் இல்லை, உங்களைக் கேட்டு அடுத்த வாய்ப்பைத் தரக்கூடியவர்களும் இருப்பதில்லை. நண்பர்களை அழைத்து வருவது வேறு. அதை மகிழ்ச்சியோடு செய்யுங்கள். புரொமோட்டர் ஏற்க வேண்டிய நஷ்டத்தை உங்கள் தலையில் இறக்கிவைப்பது வேறு. அத்தகைய அழைப்பை மரியாதையாக மறுத்துவிடுங்கள். முதல் சில இரவுகள் குறைந்த சம்பளத்துக்கு வாசிப்பதில் இழுக்கில்லை. ஆனால் தொகை எவ்வளவு, எப்போது கிடைக்கும், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்பதை ஒரு குறுஞ்செய்தியிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாக் கதவும் மூடியே இருந்தால், சொந்தமாக ஓர் இரவைத் தொடங்குவது கடினமானாலும் நல்ல வழி. கிளப்புகளுக்கு வார நடுவில் காலியாகக் கிடக்கும் இரவுகள் இருக்கும். சிறிய அறையையும் அத்தகைய நாளையும் கேட்டால், பார் வருமானத்துக்காகவே வாடகையின்றித் தர முன்வருபவர்கள் உண்டு. ஒத்த ரசனையுள்ள இரண்டு மூன்று பேர் சேருங்கள். அறை சிறியதாக இருக்கட்டும், ஏனெனில் நாற்பது பேர் ஒரு சிறிய அறையை நிறைத்துவிடுவார்கள். பெரிய அறையில் அதே நாற்பது பேர் தொலைந்துபோவார்கள். புரொமோட்டராகச் சில மாதங்கள் இருந்துவிட்டால், மற்றப் புரொமோட்டர்களிடம் எப்படிப் பேசுவது என்பதும் தானாக வந்துவிடும். உங்கள் இரவுக்கு அடுத்த நிகழ்ச்சியின் நிரந்தர டிஜேயை விருந்தினராக அழைக்கலாம். அவர் உங்களைத் திரும்ப அழைப்பதும் பெரும்பாலும் நடக்கும்.

காதுகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் அவை போனால் வாய்ப்புகளுக்குப் பொருளில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட நெறிமுறை, கேளிக்கை அரங்குகளில் ஒலியளவு 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. பூத்தில் உள்ள மானிட்டர் ஒலிபெருக்கி நம் தலைக்கு மிக அருகில் இருப்பதால், தளத்தில் இருப்பவர்களைவிட நமக்கு ஆபத்து அதிகம். கலக்கும் நேரத்தில் மட்டும் மானிட்டரை ஏற்றி, மற்ற நேரத்தில் இறக்கி வையுங்கள். இசைஞர்களுக்கென்று செய்யப்படும் காதடைப்பான்களைப் பயன்படுத்துங்கள். களைத்த காது ஒலியைக் குறைவாகக் கேட்டு மேலும் மேலும் ஏற்றச் சொல்லும். செட்டின் கடைசியில் கை அளவுமீறிப் போவதற்கு அதுவே காரணம்.

வாசித்து முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஒலிப் பொறியாளருக்கு நன்றி சொல்லிவிட்டு, பின்னால் வருபவர்களின் செட்டைத் தளத்தில் நின்று கேளுங்கள். நீங்கள் விட்ட இடத்திலிருந்து அவர்கள் எப்படி எடுத்துச் செல்கிறார்கள் என்பது அடுத்த முறைக்குப் பயன்படும். மறுநாள் புரொமோட்டருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, அடுத்து எந்தத் தேதிகளில் தொடக்க இடம் காலியாக இருக்கிறது என்று கேளுங்கள். அப்படிச் சில முறை வாசித்து, மாதந்தோறும் உங்களை அழைக்கும் நிலை வந்த பிறகு, பலரும் உச்ச நேரத்தைக் கேட்பார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு: கூட்டம் குறைவாக வரும் ஓர் இரவின் முழு நேரத்தையும், கதவு திறப்பதிலிருந்து விளக்கு போடும் வரை, நீங்கள் ஒருவரே வாசிக்கக் கேளுங்கள். புரொமோட்டருக்கு அதில் செலவு குறைவு என்பதால் பெரும்பாலும் சம்மதிப்பார். தொடக்கம் உங்களுக்கு ஏற்கெனவே கைவந்திருக்கும். உச்சமும் இறக்கமும் அதே இரவில், உங்களை நம்பி முதலிலேயே தளத்துக்கு வந்தவர்களோடு, படியும்.